மலரக்காவின் பனிச் சைக்கிள்

மலரக்கா போய்விட்டார் என்று அவருடைய கணவர் கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது, எனக்கு அழுகைக்கு முன் வெட்கம் வந்தது.

உங்களில் பலர் அவரை அறிவீர்கள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். ஞாயிறு காலையில் அவருடைய வேலை தொடங்கும் நேரத்துக்கு பஸ் ஓடாது. காரைக் கணவர் தன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். "இன்னொருக்கால் பிந்தினால் வேலை போயிடும் தம்பி. பனியிலை ஓடுற சைக்கிள் ஒண்டு பாரும்" என்று என் சைக்கிள் கடைக்கு வந்தார்.

நானும் நன்றாகத்தான் தேடினேன். சைக்கிள் சட்டத்துக்குள் சக்கரத்துக்கு இடம் கூடிய மவுண்டன் பைக், அதற்குள் நுழையக்கூடிய ஆகத் தடித்த ரயர். பனி அடைக்கும் என்று மட்காட்டையும் கழற்றினேன்.

"உதென்ன, ட்ராக்டரோ?" என்று சிரித்தார்.

பனிக்குக் காற்றைக் குறைத்துவிடு, அப்போதுதான் ரயர் பரந்து பிடிக்கும் என்று ரயர் தந்த வியாபாரி சொல்லியிருந்தான். நான் செய்யவில்லை. எங்கள் ஆட்கள் சைக்கிள் வாங்கினால் முதலில் பெருவிரலால் ரயரை அமத்திப் பார்ப்பார்கள். அமுங்கினால், பழுதைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஊரெல்லாம் கதை போகும். கல்லுப்போலக் காற்றடித்துக் கொடுத்தேன்.

சில வாரங்களில் விழுந்தார். முழங்கை எலும்பில் வெடிப்பு. "பனியெண்டால் வழுக்கும்தானே அக்கா" என்று ஆறுதல் சொன்னேன். அந்த இடைவெளியில் ஞாயிறு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கெஞ்சித்தான் திரும்ப வாங்கினார்.

கை ஆறி மறுபடி ஓடத் தொடங்கியவர், ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்க, உள்ளே வந்தார்.

"தம்பி, ரயரிலை காத்து இறங்கிப்போச்சு. அடிக்க நேரமில்லாமல் அப்பிடியே ஓடினன். என்னமாய்ப் பிடிக்குது! உது உமக்கு முதலே தெரியுமோ?"

பொய் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"ஓம் அக்கா. ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டு..."

"உம்மடை பேருக்கு என்ரை முழங்கையோ?"

நான் குனிந்து, ஏற்கெனவே துடைத்த பம்பை மறுபடி துடைத்தேன்.

செத்தவீட்டில் என்னையும் பேசச் சொன்னார்கள். "நல்ல வாடிக்கையாளர்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அங்கே வராதது இங்கே எழுதும்போது வருகிறது.

அவர் உயிரோடு இருக்கையில், போன பனிக்காலத்தில், அவரோடு வேலை செய்த பெண்ணொருத்தி சைக்கிள் வாங்க வந்தாள். "மலரக்காதான் உங்களிட்டைப் போகச் சொன்னவ. நீங்கள் இப்ப உண்மை சொல்லுவியளாம்" என்றாள்.

அந்த 'இப்ப'தான் அவர் எனக்கு விட்டுப்போனது. சுடுகிறது. வைத்திருக்கிறேன்.