கிழிபட்ட கடைசி அத்தியாயம்

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் பிரித்த பழைய நாவலின் மக்கிய வாசனை, என்னைக் குடவாசல் வாடகை நூலகத்துக்குள் தள்ளிவிட்டது. இப்போது அங்கே செல்போன் கடை. விமர்சகர்கள் குப்பையென்று எழுதித் தள்ளிய ஒரு காதல் நாவலுக்கு அந்தக் காலத்தில் அங்கே ஊர்ப் பெண்கள் காத்துக்கிடந்து, கதாநாயகி சாகும் பக்கங்களைக் கண்ணீரில் ஊறவைத்துத் திருப்பித் தருவார்கள். கல்யாண நிச்சயம் முறிந்திருந்த என் சித்தியோ அதையே திரும்பத் திரும்ப வாங்கிவந்து, அழுது, சாப்பாட்டையும் விட்டுத் தொலைத்தாள். மறுபடியும் கேட்டுப் போய் நின்றபோது, நூலகம் நடத்திய மரியம் அக்கா பொறுமையிழந்து கடைசி அத்தியாயத்தைச் சரக்கென்று கிழித்தார்.

“அய்யோ, என்னக்கா பண்றீங்க? முடிவு?”

“ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. நீ போயி சோத்தைத் தின்னுடி!”

வழியெல்லாமும், வீட்டில் இலைமுன் உட்கார்ந்தும் மரியம் அக்காவைத் திட்டித் தீர்த்த சித்தி, திட்டுகிற மும்முரத்தில் மறுசோறும் வாங்கித் தின்றுவிட்டாள்.