மெராயின் தையல் மெஷினும் தட்டுக்காரர்களும்

தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட வெளியில், எங்கள் ஊருக்கு மேற்கே, முன்பு ஆட்டுப் பண்ணைகள் இருந்த இடத்தில், இப்போது வானத்தின் ரேடியோ அலைகளை ஒட்டுக்கேட்கும் பெரிய வெள்ளைத் தட்டுகள் நிற்கின்றன. பண்ணையை விற்றவர்கள் கடற்கரை ஊர்களில் வீடு வாங்கினார்கள். அங்கே ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மெராய் ப்லாக்கீஸின் புருஷன் அவர்களில் ஒருவன். வேலை தேடிக் கேப்டவுன் போனவன், போனவன்தான்.

அதிலிருந்து தட்டுக்காரர்கள் என்றாலே மெராய்க்கு ஆகாது. வானியலால் ஊர் முன்னேறும் என்று கூட்டம் போட்டு சூப் கொடுத்தார்கள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். மகள் ஷார்லீனுக்கு உதவித்தொகை தந்து கருவி வேலை படிக்க வைத்தார்கள். வேலையும் தந்து, அங்கேயே விடுதியில் தங்க வைத்தார்கள். "புருஷன் போயாச்சு, இப்ப புள்ளையும்" என்றாள் என்னிடம். பள்ளி பஸ் ஓட்டுகிறவன் என்ன சமாதானம் சொல்ல முடியும்? எனக்கும் அவர்கள்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. கைபேசி அலை தட்டுகளைக் கெடுக்கும் என்று அங்கே அதற்குத் தடை. மகள் வருவதோ மாதம் ஒருமுறை.

மெராயின் பிழைப்பு ஒரு பழைய மின்சாரத் தையல் மெஷின். ஊர்ப் பிள்ளைகளின் சீருடையெல்லாம் அதில்தான். ஜனவரியில், பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கையில், கூரையில் ஏரியல் வைத்த தட்டுக்காரர்களின் வேன் ஒன்று எங்கள் பக்கம் ஊர்ந்தது. பொறி பறக்கிற மோட்டார் எதுவானாலும் அதன் ரேடியோ அலை தட்டுகளுக்கு இரைச்சலாம்; அதைத் தேடித்தான் வேன். வேன் மெராய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

அன்று மாலையே மெஷினைப் போர்வையில் சுற்றி, கழுதை வண்டியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"அபல், இதைப் புடுங்கத்தான் வந்திருக்கானுங்க. இங்க வெச்சுத் தைக்கிறேன்."

"நாளைக்கு என் வாசல்ல வந்து நிப்பானுங்க."

"உன் பொண்டாட்டி மாவு அரைக்கிறான்னு சொல்லு."

"எனக்கு ஏது பொண்டாட்டி?"

"அப்ப நீயே அரைக்கிறேன்னு சொல்லு!"

மறுநாள் வேன் என் வாசலில் நின்றது. கையில் ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கியவள் ஷார்லீன்.

மெராய் மெஷின்மேல் கவிழ்ந்துகொண்டாள். "பெத்தவளைப் புடிக்க உன்னையே அனுப்பிட்டாங்களா?"

"நேத்து வந்தவர் வேற. நானாத்தான் கேட்டு வந்தேன். மலைமேல இரைச்சல் புடிக்கிற எங்க கம்பம், நீ தைக்கிறதைத் திரையில கோடா காட்டும்மா. சின்னதா ரெண்டு, அப்புறம் ஒரே இழுப்பு. அப்படி சட்டைப் பை வெச்சுத் தைக்கிறது நீதான்னு எனக்குத் தெரியாதா? இதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. இந்தப் பொட்டியை மாட்டிட்டா இரைச்சல் அடங்கிடும், மெஷினை யாரும் தொட மாட்டாங்க."

"சும்மாவா தர்றாங்க? என்ன எழுதி வாங்கப் போறாங்க?"

"ஒண்ணும் இல்ல. மாட்டலன்னாதான் நோட்டீஸ் வரும்."

மெராய் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். தைக்காமல் கிடந்த சீருடைக் குவியலைப் பார்த்துவிட்டு, வேண்டா வெறுப்பாக நகர்ந்தாள்.

பெட்டியை மாட்டிவிட்டு ஷார்லீன் வேனுக்குப் போனாள். மெராய் பெடலை மிதித்தாள்.

"கோடு ஒண்ணுமே வரலம்மா!" என்று கையிலிருந்த திரையைப் பார்த்து வேனிலிருந்து கத்தினாள் மகள்.

மெஷின் பிழைத்தது என்று எனக்குச் சந்தோஷம். மெராய் மட்டும் சிரிக்காமல் எழுந்து வேனருகே போனாள்.

"எத்தனை நாளா அந்தக் கோட்டைப் பாத்துட்டிருந்தே?"

"வேலைக்குச் சேந்ததுலேருந்து. தினம் காலைல கோடு வந்துட்டா, அம்மா நல்லாருக்கான்னு என் வேலையை ஆரம்பிப்பேன்."

"அப்ப, நாளைக்கு?"

ஷார்லீன் கையிலிருந்த திரையில், அம்மாவின் கோடு வருகிற இடத்தை விரலால் தடவினாள்; அங்கே ஒன்றும் இல்லை.