செங்கோட்டையில இறங்காத அண்ணாச்சி

தாராவியில இருக்கறவனுக்கு லோக்கல் ட்ரெயின்ல ஒரு சத்தியம் உண்டு. உட்கார்ந்திருக்கறவர்ட்ட எங்க இறங்குவீங்கன்னு முதல்ல கேட்டுட்டா, அந்த சீட் நமக்கு.

இன்னைக்கு மலையைப் பார்க்கணும்னே திருநெல்வேலியில கொல்லம் ட்ரெயின் ஏறினேன். ஜன்னலோரம் இருந்த அண்ணாச்சியும் பம்பாய்தானாம், முலுண்ட்.

"எங்க இறங்குதீய?"ன்னேன்.

"செங்கோட்டை"ன்னார். மலையே அதுக்கப்புறம்தான். நம்பி நின்னேன்.

செங்கோட்டை வந்துச்சு. அண்ணாச்சி அசையல. இறங்கலியான்னு கேட்டேன்.

"இனிமேதானடே மலை"ன்னார், திரும்பாமலே.

குகை, பதிமூணு கண் பாலம், கேரளா எல்லாம் அவர் பிடரிக்கு அந்தப் பக்கம் போச்சு.

மலை முடிஞ்சு புனலூர்ல எழுந்தார். "உட்காரு, நீதான சீட் சொல்லி வச்ச?"

உட்கார்ந்தேன். வெளிய ஒரு மதில்.

இனி லோக்கல்ல முலுண்ட்காரங்க யாராவது கேட்டா, தாதர்னு சொல்லிட்டு, முலுண்டையும் தாண்டி கல்யாண் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். தப்பா?