லயம் லயமாய் நின்ற குதிரை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து சாந்தன்பாறைக்குப் போக நேர்வழி என்று ஒன்று கிடையாது. பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், தேனி, போடி என்று தமிழ்நாட்டுக்குள் பெரிய வட்டம் அடித்துவிட்டு மறுபடியும் கேரளத்துக்குள் ஏற வேண்டும். 1974 ஐப்பசியில் நான் அப்படித்தான் போனேன். போடியில் தங்கி, காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்தில் இருந்த ஏலக்காய் வியாபாரி பதினேழிலும் என் தோளில் சாய்ந்து தூங்கினார். போடிமெட்டில் இறங்கித் தேநீர் குடித்தபோது பல் கிட்டியது. சாந்தன்பாறை வந்து சேர மணி பத்தைத் தாண்டிவிட்டது.

போனது குதிரைச் சவாரிக்கு. என் மனைவியின் தம்பி பழனிசாமி அங்கே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் மட்டக்குதிரை ஒன்று இருக்கிறது, நாள் பூராவும் காட்டுக்குள் சுற்றலாம் என்று ஆசை காட்டியிருந்தான். நான் தத்தமங்கலத்துக் கோயில் திருவிழாவில் சேணமில்லாமல் குதிரை ஓட்டியவன். இந்த மாதிரிச் சேதி காதில் விழுந்த பிறகு வீட்டில் இருப்பு கொள்ளுமா?

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குதிரை வந்தது. அதைக் குதிரை என்று சொல்லத் தாராள மனசு வேண்டும். செம்பட்டை நிறம், தொங்கிய வயிறு. ஏறி உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடாத குறைதான். பழனிசாமி ஒரு காக்கித் தொப்பியை என் தலையில் வைத்தான். மதியச் சாப்பாட்டை ஒரு தோல்பையில் வைத்துச் சேணத்தில் மாட்டினான்.

"வழி காட்ட ஆள் வேண்டாமா மாப்ளே?" என்றேன்.

"அதுக்கே வழி தெரியுமுங்க மச்சான். நீங்க சும்மா உக்காந்தாப் போதுமுங்க."

உண்மையில் அழகான வழி. மேலே வெயில் நுழையாத பெருமரங்கள், கீழே ஆள் உயரத்துக்கு ஏலச்செடிகள். காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை, அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. பெண்கள் ஈர மண்ணில் குந்தியபடி அதைப் பறிக்கிறார்கள். காய் உலர்த்தும் கட்டடத்திலிருந்து வந்த வாசனையில் எனக்குப் பாயசம் ஞாபகம் வந்தது. அட்டைகள் என் கணுக்காலில் விருந்து சாப்பிட்டதை ஒரு மைல் கழித்துத்தான் கவனித்தேன்.

முதல் லயம் வந்தது. லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். குதிரை தானாக நின்றது. தட்டினேன், அதட்டினேன், அசையவில்லை. கதவுகள் திறந்தன. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருமிக்கொண்டே வந்து என் முன்னால் நாக்கை நீட்டினார். அவர் பெயர் முத்தையா என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நான் ஊரு பாக்க வந்தவனுங்க" என்றேன். அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். குதிரையும் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பியது. இரண்டாவது லயத்திலும் அதே கதை. மூன்று பெண்கள் சீழ் பிடித்த விரல்களைக் காட்டினார்கள். அப்போதுதான் அரைகுறையாகப் புரிந்தது. இது மருந்து கொடுக்கிற கம்பவுண்டரின் குதிரை. வாரா வாரம் நின்ற இடத்தில் எல்லாம் நிற்கிறது.

மூன்றாவது லயத்தில் என் சிரிப்பு நின்றது. பேச்சியம்மாள் என்ற பெண் ஓடிவந்து ஒரு மூன்று வயதுப் பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டாள்.

"ஐயா, நேத்துலருந்து வாந்தியும் பேதியுமாப் போகுது. கண்ணு சொருகுது பாருங்க."

"ஏனுங்கம்மா, நான் கம்பவுண்டர் இல்லீங்க."

"ஆளு யாரா இருந்தா என்ன, குதிரை வந்துருச்சுல்ல!" என்று அவள் தோல்பையைத் திறந்தாள். உள்ளே புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தது. அவள் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

பிள்ளையின் கன்னத்தைத் தொட்டேன். வாய் உலர்ந்து, கண் குழிந்து, துணி மாதிரிக் கிடந்தது. குதிரையைத் திருப்பினேன். கீழே ரோடு இரண்டரை மைல். தாய் பக்கத்தில் ஓடிவந்தாள். இரண்டாவது லயம் வந்ததும் அந்தச் சனியன் மறுபடியும் நின்றுவிட்டது! உதைத்தேன், கத்தினேன். தத்தமங்கலத்து வித்தை எதுவும் செல்லவில்லை. குதித்து இறங்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவ்வளவு பயந்து நான் எப்போதும் ஓடியதில்லை. ரோட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று நின்று எங்களை ஏற்றிக்கொண்டது.

சாந்தன்பாறையில் ஒரு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பேச்சியம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பிள்ளை மூத்திரம் போய்ப் படுக்கையை நனைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு அழுதது. "இனிப் பயமில்லை" என்றார் நர்ஸ். நான் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ராத்திரி பழனிசாமியிடம் கேட்டேன். "கம்பவுண்டர் எங்கடா?"

"அவரு வேலைய விட்டுட்டுப் போயி ரொம்ப நாளாச்சுங்க மச்சான். வேற ஆளு போடலீங்க."

"அப்புறம் எதுக்கு என்னைய அதுமேல ஏத்தி அனுப்புன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மருந்தாளு வரலைன்னா வேலைக்கு எறங்க மாட்டோம்னு சொல்றாங்க. காய் பறிக்கிற நேரமுங்க. தொப்பி போட்ட ஆளு ஒருத்தரு குதிரையில ஒரு சுத்து வந்தா அடங்கிருவாங்கன்னு மேனேஜர் சொன்னாருங்க. தொப்பி, பை எல்லாம் அவரு குடுத்துவுட்டதுதானுங்க."

என் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த பையன். சவாரிக்கு வந்தவனைச் சோளக்கொல்லைப் பொம்மையாக்கி ஊர்வலம் விட்டிருக்கிறான்!

விடிந்ததும் தொப்பியை அவன் மேஜைமேல் எறிந்துவிட்டு நடந்தே மேலே போனேன். முதல் லயத்து வாசலில் முத்தையா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து வந்தது கம்பவுண்டர் இல்லீங்க. இனி யாரும் வர்றதாவும் தெரியலீங்க. குதிரைய நம்பிக் காத்துட்டு இருக்காதீங்க. நோவுன்னா நேரா ரோட்டுக்கு எறங்கிருங்க" என்றேன்.

"தெரியும்யா. கம்பவுண்டரு போன பொறவு நீங்க மூணாவது ஆளு" என்றார்.

"தெரிஞ்சுமா நாக்க நீட்டுனீங்க?"

"இந்தத் தடவ நெசமா இருந்துட்டா?" என்று வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "மொத ஆளு வந்தப்ப எம் மகளும் நேத்து அந்தப் புள்ள கெடந்த மாதிரித்தான் கெடந்தா. தூக்கிட்டுப் போயிக் காட்டுனேன். அவரு குதிரைய விட்டு எறங்கல."