கவிஞரின் தங்கையும் தாய்மாமன் மடியும்

இந்த ஊர் பஸ்ஸில் யாரும் யாருடைய பிள்ளையையும் மடியில் வாங்கிக்கொள்வதில்லை. வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலை, பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். நான் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எழுந்து இடம் கொடுக்கவும் வழியில்லை. இரண்டு கைகளிலும் பைகளோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவர் காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை, பஸ் திரும்பும்போதெல்லாம் தள்ளாடியது. நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் "வி ஆர் ஃபைன், தேங்க் யூ" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தன் மறுபக்கத்துக்கு நகர்த்தினார். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் என் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதில் என் குற்றம் என்னவென்று புரியாது. அங்கே பிள்ளையோடு ஏறுகிறவர் கேட்பதுகூட இல்லை. உட்கார்ந்திருக்கிறவர் மடியில் பிள்ளையை வைத்துவிட்டுத்தான் கம்பியைப் பிடிப்பார். "எந்த ஊரு, யாரு மகன்" என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பிள்ளை தூங்கிப்போய் எச்சில் வடித்து, இறங்கும்போது வேட்டியில் ஈரத்தோடு எழுந்து போனவர்கள் உண்டு. அதற்காக யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. என்னைப் போல வெளியே வந்து கிடக்கிறவர்களுக்கு, நீட்டிய கையை மடக்கிய ஒரு நாள் கட்டாயம் இருக்கும்.

நான் இங்கே, ஆங்கிலேயர் நாட்டிலேயே வந்து, படிப்பது ஆங்கில இலக்கியம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அய்யாவும் அம்மாவும் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். அக்கா முத்துமாரி ஐந்தாவதோடு நின்று, வயது வந்ததும் மில் வேனில் ஏறினாள். நூற்பாலை வேலை. ஷிப்டு முடிந்து வந்தால் தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள் ஒட்டி, திடீரென்று நரைத்துப்போனவள் மாதிரி இருப்பாள். அப்படியே வாசலில் காலை நீட்டி உட்காருவாள். நான் அவள் முன்னால் நடந்துகொண்டே அருப்புக்கோட்டையில் வாங்கிய இலக்கிய வரலாற்று கைடைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்வேன். இன்ன ராணி காலம், இன்ன ராஜா காலம், பிறகு ரொமாண்டிக் என்கிற கற்பனைக் காலம் என்று வரிசை. எந்தக் காலத்தில் எந்தக் கவிஞர், எந்த நாடக ஆசிரியர், அவர் பிறந்த வருஷம், இறந்த வருஷம். அவர்கள் எழுதிய ஒரு புத்தகத்தையும் நான் முழுசாகப் படித்ததில்லை. எங்கள் கல்லூரியில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தேர்வு எழுதினோம்.

அக்காவுக்கு ஒரு சொல் இங்கிலீஷ் புரியாது. ஆனால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

"ராசா செத்தா இவுக எழுதுற எழுத்தும் மாறிப்போகுமோ?"

"அது ஒரு கணக்குக்கா. ஞாபகம் வச்சுக்கிறதுக்கு."

"சரி, இப்பச் சொன்னியே ஒரு ஆளு, அவருக்குக் கூடப் பொறந்தவுக யாரு?"

ஒவ்வொருவருக்கும் இதே கேள்விதான். எந்த ஊர், அப்பன் என்ன வேலை, கூடப் பிறந்தவர் யார், தாய்மாமன் யார். இதெல்லாம் தெரியாமல் ஒரு மனுஷனைத் தெரியும் என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கைடில் இருந்தால் சொல்வேன். இல்லாவிட்டால் "போடலக்கா" என்பேன். "என்ன புஸ்தகம் எழுதுறாக" என்று அலுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் கற்பனைக் காலத்துக் கவிஞர் ஒருவரைப் படித்துக்கொண்டிருந்தேன். மலைகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவில் வாழ்ந்தவர். "அந்த ஊர்க் கண்மாயில எப்பவும் தண்ணி கிடக்குமா?" என்று முதலில் கேட்டாள். கிடக்கும் என்றேன். கொஞ்ச நேரம் எங்கள் கண்மாய் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கும் காலத்தில் பெரும்பாலும் அதில் ஆடுகள்தான் மேயும். பிறகு வழக்கமான கேள்விக்கு வந்தாள். அந்தக் கவிஞருக்கு ஒரு தங்கை உண்டு, கடைசிவரை அண்ணன் வீட்டிலேயே இருந்து, சோறாக்கி, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவள் என்றேன்.

"கல்யாணம் கட்டலையா அவ?"

"இல்லக்கா."

"அண்ணன் பிள்ளைகளத் தூக்கிச் சொமந்திருப்பா." பஞ்சை ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டாள். "புஸ்தகத்துல அவளுக்கு எம்புட்டு எழுதியிருக்கு?"

பார்த்தேன். அரை வரி. அக்கா சிரித்தாள். "நீ பெரிய ஆளா வந்தா எனக்கு ஒரு வரியாவது போடச் சொல்லுடா."

இங்கே வந்தபின் எழுதிய முதல் கட்டுரையில் அந்தத் தங்கையைப் பற்றி நிறைய எழுதினேன். அண்ணனின் கவிதை எவ்வளவு தூரம் தங்கையின் உழைப்பு என்று கேட்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, "ஏன் குடும்பத்துக்குள்ளேயே போய்விடுகிறாய்? ஆளை விட்டுவிடு, கவிதையைப் படி" என்றார். எனக்குக் கவிதை படிக்கத் தெரியவில்லை என்கிறார் என்று நினைத்து, மனப்பாடமாய் இருந்ததை ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆளை விட்டுவிட்டு எழுத்தைப் படிப்பது எப்படி என்று பிறகு கற்றுக்கொண்டேன். அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஊர் இல்லாமல், உறவு இல்லாமல், அந்தரத்தில் நிற்கிற எழுத்து. கேட்டால் "யாரு பெத்த பிள்ளையோ" என்பாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி, நான் கிளம்புவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் யாழினி பிறந்தாள். எங்கள் பக்கம் பிள்ளைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மாசி சிவராத்திரிக்கு, பிள்ளையின் அப்பா வழிக் குலசாமி கோயிலில் நடக்கும். மாமன் புதுத்துணியும் தோடும் கொண்டுவந்து, மடியில் உட்காரவைத்து, பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். ஒற்றைப்படை வயதில்தான் செய்வார்கள். ஒரு வயதில் நான் வர முடியவில்லை. முதல் வருஷப் படிப்பின் நடு. "ஒண்ணுல விட்டா மூணு இருக்கு, என்ன கெட்டுப்போச்சு" என்று அக்கா மாமியார் வீட்டில் பேசித் தள்ளிவைத்தாள்.

அந்த இரண்டு வருஷமும் பிள்ளையின் முடியில் கத்தி படவில்லை. அக்கா அதைச் சீவி உச்சியில் கட்டி, போனில் காட்டுவாள். மூக்குக்கு மேல் விழுகிற முடியை ஊதிக்கொண்டே யாழினி, "மாமா எப்ப வருவீக, தல அரிக்கிது" என்பாள். பின்னால் அக்காவின் மாமியார் குரல் கேட்கும்: "ஒந்தம்பி வெள்ளக்காரனுக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்து முடிச்சிட்டு வாரதுக்குள்ள இவ சடங்காகிருவா." அக்கா சிரித்துச் சமாளிப்பாள். இங்கே ஒரு குஜராத்திக்காரர் கடையில் சின்னதாக ஒரு ஜோடித் தோடு வாங்கினேன், நடுவில் சிவப்புக் கல். அனுப்பிவைக்கவா என்று கேட்டதற்கு, "தபால்ல வாரதுக்குப் பேரு சீரா? நீ கொண்டு வா" என்றாள். ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும் கடைசியாகச் சொல்வது ஒன்றே: "வெரசா வந்துருடா."

இந்த மாசி, யாழினிக்கு மூன்று வயது. படிப்பு முடிந்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததால் விசாவை நீட்டிக்க விண்ணப்பித்திருந்தேன். தை பிறப்பதற்குள் பதில் வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. பதில் வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக அர்த்தம். பல்கலைக்கழக அலுவலகத்தில் விசாரித்தபோது அங்கிருந்த பெண்ணிடம், அக்கா மகளுக்குக் காது குத்துகிறோம், நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். "குழந்தைக்கு ஏதாவது உடம்புக்கா?" என்று கவலையாகக் கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்படியானால் பிறகு போய்க்கொள்ளலாமே என்றார்.

அக்காவிடம் சொன்னேன்.

"இப்ப வெளிய கால வச்சா திரும்ப உள்ள விடமாட்டாகக்கா. படிப்பு அத்தோட சரி."

"படிக்கிற பையன்னு சொன்னாக்கூடவா?"

"இங்க எல்லாரும் படிச்சவுகதான்க்கா."

போனில் மில் வேன் ஹாரன் சத்தம் கேட்டது. "அஞ்சு வயசு வரைக்கும் தள்ள அவுக ஒத்துக்கிட மாட்டாக தம்பி. பள்ளிக்கூடத்துல சேக்கணும்." பிறகு மெதுவாக, "கணேசன் அண்ணன உக்காரச் சொல்லவா?" என்றாள். கணேசன் எங்கள் பெரியப்பா மகன், காரியாபட்டிக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். முறைக்கு அவரும் மாமன்தான். சொல்லு என்றேன்.

மறுநாள் கணேசன் அண்ணனே கூப்பிட்டார். "ஏலே, மனசப் போட்டு ஒழப்பிக்கிடாத. நான் ஸ்டெப்னி டயருதான். ஒரிசினல் வந்ததும் கழட்டி மாட்டிக்கிடலாம்." நானும் சிரித்தேன்.

நாள் பார்த்ததுபோல, காதுகுத்து நடக்கிற அதே தேதியில் துறையில் ஒரு பயணம் வைத்தார்கள், அந்தக் கவிஞர் வாழ்ந்த வீட்டுக்கு. போகாமல் அறையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாதென்று கிளம்பினேன். தோட்டுப் பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அது உடம்போடு இருக்கட்டும் என்று தோன்றியது. இங்கே விடியும்போது அங்கே உச்சிவேளை நெருங்கியிருந்தது. பஸ் மலைக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்காத மழை. ஏரி கரை தளும்பக் கிடந்தது. அக்கா பார்த்தால் கரையில் உட்கார்ந்துவிடுவாள்.

சின்ன வீடு. கவிஞரின் மேசை, பேனா, ஜன்னல் எல்லாவற்றையும் கூட்டம் சூழ்ந்து நின்றது. அடுப்படியை ஒட்டி ஒரு சிறிய அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. சுவரில் பலகை. தங்கையின் பெயர் முழுசாக, அதற்குக் கீழே அவளைப் பற்றி ஒரு பத்தி. அக்காவுக்காகப் படம் எடுக்கப் போனை எடுத்தேன். அந்த அறையில் சிக்னல் இருந்தது. போன் கையில் அதிர்ந்தது.

முதலில் படம். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் குத்திய இடத்தில் ஒரு ரத்தப்பொட்டு, கணேசன் அண்ணன் மடியில் யாழினி. அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்திருந்தார், சரியாக, எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படி. பிறகு அக்காவின் குரல். காதோடு வைத்துக் கேட்டேன்.

"தம்பி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. மொட்டைக்கு அழுவல. காது குத்துறப்பத்தான் மாமான்னு ஒரு சத்தம் போட்டா. கணேசண்ணன் இந்தா இருக்கேன்டா தங்கம்னு அணச்சுக்கிட்டாரு. உடனே நிப்பாட்டிட்டா. நீ சாப்ட்டியா? இனி ஒண்ணும் அவசரமில்ல தம்பி. ஆற அமரப் படிச்சு முடிச்சிட்டே வா."

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அப்படிப் பேசத் தெரியாது. என் தோளிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைப்பதாகத்தான் நினைத்திருப்பாள். வெரசா வா என்ற சொல் அந்தச் செய்தியில் இல்லை. இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். அப்போதும் இல்லை. ஒரு பிள்ளையின் முடி வளர்வதையும் காது குத்தாமல் கிடப்பதையும் காட்டி இத்தனை நாள் யாரோ என்னை அங்கே பிடித்துவைத்திருந்தார்கள். அந்தப் பிடி விட்டுவிட்டது.

வீட்டைச் சுற்றிக் காட்டுகிற முதிய பெண்மணி வாசலில் வந்து நின்றார். போன் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கைப்பையைத் திறந்து ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினார். "பலருக்கும் இப்படி ஆகும். அவருடைய கவிதை அப்படி" என்றார் கனிவாக. நான் தலையாட்டினேன். பலகையைப் படம் எடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தோட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கல் இரண்டும் அப்படியே இருந்தன. தோடு இங்கே இருக்கிறது, காது அங்கே இருக்கிறது. பெட்டியை மூடி மடியில் வைத்தேன். மலைப்பாதையில் பஸ் வளையும்போதெல்லாம் அது சரிந்து விழாமல், ஊர் போய்ச் சேரும் வரை, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.