கரி லாரியும் தமயந்தியும்

திருத்தணியில் ராஜகோபாலைப் பற்றிக் கேட்டால், நந்தியாற்றங்கரையில் இருந்த தன் பங்கு நஞ்சையை விற்று லாரி வாங்கினவன் என்றுதான் முதலில் சொல்வார்கள். நன்றாக இருந்த மனுஷனுக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது என்கிற கேள்வியும் அந்தக் குரலிலேயே இருக்கும். அவனுடைய அண்ணன் தேசப்பன் அந்தக் கோபத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் அவனோடு பேசவில்லை.

ராஜகோபாலுக்கு ஏரும் மாடும் சிறு வயதிலிருந்தே பிடிபடவில்லை. மீசை அரும்பும் முன்பே வேலூர்ப் பக்கம் ஓடிப்போய் ஒரு பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தான். பிறகு டிரைவர் ஆனான். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, பல கை மாறி வந்த ஒரு பழைய அமெரிக்க லாரியை வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பினான். பொதட்டூர்பேட்டையில் நெய்த துணி மூட்டைகளைத் திருத்தணி ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவது, ரயிலில் வந்த நூல் கட்டுகளைத் தறிக்காரர்களுக்குத் திருப்பிக் கொண்டுபோவது, இதுதான் அவனுடைய தொழில். ஓரளவு நன்றாகவே நடந்தது.

அப்போது உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் என்றானது. பிறகு கூப்பனுக்கும் கிடைக்கவில்லை. எல்லோரையும் போல அவனும் லாரிக்குப் பின்னால் கரிகேஸ் பிளாண்ட் மாட்டினான். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம், அது நிறைய மரக்கரி. அடியில் நெருப்பு வைத்து, கையால் சுற்றும் விசிறியால் ஊதி ஊதிக் கேஸ் கிளம்பிய பிறகுதான் இஞ்சினைக் கிளப்ப முடியும். லாரி கிளம்புவதற்குள் மாட்டு வண்டி பாதி வழி போய்விடும் என்று ஊரில் கேலி பேசினார்கள். மேட்டில் ஏறும்போது இஞ்சின் திணறும். கரித்தூள் உள்ளே போய் எல்லாவற்றையும் அரிக்கும். ஆனாலும் வண்டி ஓடியது. ஓடுகிற வரைக்கும் அடுப்பு எரியும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒருநாள் காலையில் ராஜகோபால் வழக்கம்போல் முன்னால் குனிந்து ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். கரி கேஸில் ஓட்டும்போது நெருப்புப் பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழவேண்டும் என்பதற்காக ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள லீவரை மேலே தள்ளி வைப்பார்கள். கிளப்பும்போது அதைக் கீழே இறக்கிவிட வேண்டும். அன்றைக்கு அவன் இறக்க மறந்துவிட்டான். ஹாண்டில் எதிர்ப்பக்கமாக உதைத்தது. வலது கை மணிக்கட்டில் மளுக்கென்று சத்தம் கேட்டதுதான் தெரியும், மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி தமயந்தி அவனை ரயிலேற்றி, எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே எலும்பைச் சேர்த்து, முட்டை வெள்ளையும் பச்சிலையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகும் சில மாசம் அந்தக் கையால் பாரம் எதையும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

லாரி ஓட்ட நகரியிலிருந்து நாகேந்திரன் என்று ஒரு டிரைவர் வந்தான். நல்ல பிள்ளை. ஓட்டத் தெரியும், நெருப்புப் போடத் தெரியும். ஆனால் ஒரு நட்டைக் கழற்றச் சொன்னால் பின்வாங்கிவிடுவான். அரக்கோணத்திலும் மெட்ராஸிலும் இருந்த லாரி ரிப்பேர் மேஸ்திரிகளெல்லாம் மிலிட்டரி வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் லாரிக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது. சமமான ரோட்டிலேயே நின்று நின்று போனது. ராஜகோபால் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

தமயந்தி ஒருநாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து லாரிப் பக்கம் நின்றாள்.

"எந்த நட்ட கழட்டணும், எந்தப் பக்கம் திருப்பணும், அத்த மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

"லாரிய பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியுதில்ல."

அவன் ஸ்பேனர்ப் பெட்டியைக் காட்டினான். கேஸை வடிகட்டும் பெட்டியில் இருந்து ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்த தேங்காய் நாரும் துணியும் கரிப்பிசின் ஏறித் தார் மாதிரி ஆகியிருந்தது. அவள் நாரைப் புதிதாக மாற்றினாள். துணிக்கு, பொதட்டூர்பேட்டைத் தறியில் கழித்துப்போட்ட முரட்டுத் துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் போட்டாள். அன்றைக்கு லாரி ரயில்வே கேட் மேட்டை நிற்காமல் ஏறியது.

ஆனால் அடுத்த வேலையில் சண்டை வந்தது. வால்வுகளைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். ராஜகோபால் 'அது இல்ல, அந்தாண்ட கீறது, அதுக்குக் கீழ' என்று சொல்லிக்கொண்டே போனான். அவள் தவறானதைத் தொடத் தொட அவன் குரல் ஏறியது. கடைசியில் ஏதோ ஒரு கடுஞ்சொல் வாயில் வந்துவிட்டது. தமயந்தி ஸ்பேனரைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய் உரலில் மாவாட்டத் தொடங்கிவிட்டாள். அவன் வெளியே தனியாக உட்கார்ந்திருந்தான். மாவு அரைந்து முடிந்த பிறகுதான் அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இத்தினி நாளும் கையாலயே காட்டிப் பழகிட்டீங்க. இப்ப கை கட்டுல கீது. வாயால சொல்லுங்க, எனுக்குப் புரியற மாதிரி."

அவன் யோசித்துப் பார்த்தான். தனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் வாயால் எதையும் சொன்னதில்லை. தலையில் குட்டிவிட்டுக் கையைப் பிடித்து வைப்பார்கள், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான். அது எதற்காக இருக்கிறது, கெட்டால் என்ன ஆகும் என்று சொன்னான். காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியே போகும் வழி, எண்ணெய் தெறிக்கும் வழி. சொல்லச் சொல்ல அவனுக்கே சில விஷயங்கள் புதிதாக விளங்கின. அவள் ஒரு தடவை கேட்டதை மறுபடியும் கேட்கவில்லை. அவளுடைய மெல்லிய விரல்கள், அவனுடைய விரல்கள் ஒருநாளும் போக முடியாத இடுக்குகளுக்குள் போயின.

தேசப்பன் காதுக்குச் சேதி போயிற்று. ஒருநாள் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"நம்ம வூட்டு மருமக தெருவுல லாரிக்கு அடியில படுத்துகினு கீறது நல்லாவா கீது?"

ராஜகோபால் தலையைக் குனிந்துகொண்டான். லாரிக்கு அடியிலிருந்து தமயந்தியின் குரல் வந்தது. புருஷனின் அண்ணனை அவள் தெலுங்குப் பக்கத்து வழக்கப்படி பாவா என்றுதான் கூப்பிடுவாள். "வெளிய வெயில் கொளுத்துது பாவா. இங்கதான் கொஞ்சம் நெழலு கீது."

தேசப்பன் குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மூங்கிலும் பனையோலையும் கொண்டுவந்து இறக்கினார்கள். லாரி நிற்கும் இடத்தில் பந்தல் போட்டு மூன்று பக்கமும் தட்டி கட்டிவிட்டுப் போனார்கள். ஊர்க் கண்ணிலிருந்து அவளை மறைக்கத்தான் அப்படிச் செய்தாரா, வெயிலுக்காகச் செய்தாரா என்று அவர்கள் இருவரும் கேட்கவில்லை. ராஜகோபால் அதை நிழல் என்றே எடுத்துக்கொண்டான். அண்ணன் வீட்டுப் பக்கம் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான்.

அந்த வருஷம் பெரிய சோதனை பள்ளிப்பட்டு ரோட்டில் வந்தது. நாகேந்திரன் யாருடைய சைக்கிளிலோ ஏறி வந்து நின்றான். லாரி நிறையத் துணி மூட்டை. பொதட்டூர்பேட்டையைத் தாண்டின கொஞ்ச தூரத்தில் இஞ்சினுக்குள்ளே யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டதாம். உடனே நிறுத்திவிட்டானாம். நிறுத்தியது தப்போ என்று பயந்துகொண்டே சொன்னான். ராஜகோபால் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். இன்னும் அரை மைல் ஓட்டியிருந்தால் உள்ளே இரும்பு முறிந்து இஞ்சினே வீணாகியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு மாட்டு வண்டி பிடித்து மூன்று பேரும் போனார்கள். தமயந்தி சாக்கை விரித்து அடியில் படுத்தாள். எண்ணெயை ஒரு மண்சட்டியில் வடித்துவிட்டு, அடித்தட்டைக் கழற்றினாள். தட்டில் வெள்ளை மெட்டல் என்கிற ஈயக்கலவை உருகிச் சில்லு சில்லாகக் கிடந்தது. இரண்டாவது ராடும் ஷாப்டும் சேரும் இடத்தில் உரசாமல் தாங்குகிற பேரிங் போயே போய்விட்டது. ராஜகோபால் எட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து மூட்டைகளைப் பார்த்தான். மூட்டைகள் சாயங்கால ரயிலுக்குப் போகவேண்டியவை. அது இனி நடக்காது. லாரியை ரோட்டில் விட்டுப் போனால் காலையில் டயர் இருக்காது. சண்டைக் காலத்தில் டயருக்கு அப்படி ஒரு கிராக்கி.

பக்கத்து நிலத்தில் சுப்பன் என்ற கூலியாள் மாடுகளை வைத்துக் கவலை இறைத்துக்கொண்டிருந்தான். கிணற்றிலிருந்து தோல் சால் தண்ணீரைச் சுமந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டியது. ராஜகோபால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலூரில் ஒரு கிழட்டு டிரைவர், பேரிங் போன இடத்தில் இடுப்பு பெல்ட்டை வெட்டிப் போட்டு ஊர் வந்து சேர்ந்த கதை அவனுக்கு நினைவு வந்தது. கதை என்றுதான் அப்போது நினைத்திருந்தான்.

சுப்பனிடம் விஷயத்தைச் சொல்லி, சாலுக்கு ஒட்டுப்போடத் தோல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவன் மாடுகளை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் போனான். எண்ணெயில் ஊறி மெத்தென்றிருந்த ஒரு துண்டைக் கொண்டுவந்தான். எந்தப் பக்கம் வெளியே இருந்தால் தேயாமல் இருக்கும் என்று அவனே சொன்னான். தமயந்தி நூலால் ஷாப்டைச் சுற்றி அளவு எடுத்துக் கொடுத்தாள். அவன் தன் கத்தியால் அந்த அளவுக்குச் சரியாக வெட்டினான். அவள் அதை எண்ணெயில் தோய்த்து உள்ளே வைத்து, ராடின் மூடியை மாட்டி, கையால் அசைத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். தட்டை மாட்டி, வடித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றினார்கள்.

தோலுக்கு என்ன தரவேண்டும் என்று ராஜகோபால் கேட்டபோது சுப்பன் கூச்சப்பட்டான். கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"ஒண்ணும் வோணாம் சாமி. எங்க வூட்டுக்காரி தாயம்மாளுக்கு நடை சரியில்ல. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போவணும்னு சொல்லிகினே கீறா. அவள மட்டும் வண்டியில ஏத்திகினு போனா போதும்."

கூட்டிப்போவதாக ராஜகோபால் வாக்குக் கொடுத்தான். நாகேந்திரன் நெருப்பை ஊதிக் கிளப்பினான். லாரி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. ராஜகோபால் உள்ளே இருப்புக்கொள்ளாமல் கூடவே நடந்தான். தமயந்தி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வீடு வந்து சேர்ந்தார்கள். தோல் கருகியிருந்தது, ஆனால் கிழியவில்லை.

புது பேரிங்குக்கு எங்கே போவது? ராஜகோபால் கழற்றின ராடையும், உருகிய சில்லுகளையும், உடைத்துப் போட்ட லாரி ஒன்றிலிருந்து தான் எடுத்து வைத்திருந்த பழைய பேரிங்கையும் துணியில் முடிந்துகொண்டு, தட்டார வேலை செய்யும் பங்காருவிடம் போனான். தங்கத்தை உருக்குகிறவனிடம் ஈயத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாயே என்று பங்காரு முதலில் சிரித்தார். பிறகு ராடைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் வேறு வேலை எதையும் தொடவில்லை. கொல்லனிடம் ஷாப்டின் கனத்துக்கு ஒரு இரும்பு உருளை வாங்கி, அதை ராடின் வட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, ஈயத்தை மண் மூசையில் உருக்கி ஊற்றினார்.

ஊற்றினால் மட்டும் போதாது. ஷாப்டோடு பொருந்துகிற வரைக்கும் சுரண்டவேண்டும். எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க ஒர்க்‌ஷாப்பில் ஒரு நீலச் சாந்து தடவுவார்கள் என்று ராஜகோபால் சொன்னான். அது இல்லையே என்று அவன் யோசிக்கும்போதே தமயந்தி உள்ளே போய்த் தன் கண்மைச் சிமிழை எடுத்து வந்தாள். விளக்கெண்ணெயில் குழைத்த மையை ஷாப்டில் மெல்லிசாகத் தடவி, ராடைப் பூட்டி, சுற்றி, கழற்றிப் பார்த்தாள். மை ஒட்டின இடம்தான் மேடு. பங்காரு கொடுத்த சிறு உளியால் அந்த மேட்டை மட்டும் இழைத்தாள். மறுபடி பூட்டு, சுற்று, கழற்று. சிமிழ் காலியானதும் பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரம் இரண்டு வீட்டுப் பெண்களும் மையில்லாத கண்ணோடு இருந்தார்கள்.

இஞ்சினைக் கிளப்பினபோது பங்காருவும் வந்து நின்றார். சத்தம் சீராக எழுந்தது. தட்டல் இல்லை. அவர் மெதுவாகத் தெலுங்கில், "பாகுந்தி தல்லி," நன்றாயிருக்கிறது தாயே, என்றார். தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா கண்ணீரா என்று ராஜகோபாலுக்குத் தெரியவில்லை. அவன் அப்போது தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாள் லாரி காலியாகப் பள்ளிப்பட்டு ரோட்டுக்குப் போய், தாயம்மாளையும் சுப்பனையும் அவர்கள் தெருவில் வருகிறேன் என்ற எல்லோரையும் ஏற்றிவந்தது. மலையேற முடியாத தாயம்மாளைச் சுப்பனும் நாகேந்திரனும் டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் ராஜகோபாலும் மொட்டை போட்டுக்கொண்டான். கை போனதற்காகப் பிரார்த்தனையா என்று யாரோ கேட்டார்கள். இன்னொரு ஜோடிக் கை கிடைத்ததற்காக என்று சொன்னான்.

அவன் மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. ஸ்டியரிங் பிடிக்க முடிந்தது. இறுக்கின நட்டைத் திருகும் பலம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அதைப் பற்றி அவன் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. பகலில் ஓட்டுவது அவன். வந்து நின்றதும் இஞ்சின் மூடியைத் திறப்பது அவள் என்று ஆகிவிட்டது. தேசப்பனின் நெல் மூட்டைகள் அந்த லாரியில்தான் மண்டிக்குப் போயின.

சண்டை முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் கரி டிரம்மைக் கழற்றிப் போட்டார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், மிலிட்டரியிலிருந்து திரும்பிய ஒருவர் பஜாரில் ஒர்க்‌ஷாப் திறந்தார். இனிமேல் நீ கஷ்டப்படவேண்டாம், வண்டியை அங்கேயே விட்டுவிடலாம் என்று ராஜகோபால் சொன்னான். தமயந்தி சாக்கை உதறிக்கொண்டே சொன்னாள்.

"வெல்டிங்கு வோணும்னா அங்க குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன். எனுக்குப் புடிச்சிகீது."

அவன் சரி என்றான். அவள் பந்தலுக்குள் குனிந்து சாக்கை விரித்தாள். அவன் ஸ்பேனர்ப் பெட்டியை எடுத்துப்போய் அவள் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான்.