கடுகு மடித்துப் போன பக்கம்

கிருத்திகை விரதத்துக்காகப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். சின்னமனூரில் எஸ்தர் அக்காவின் மளிகைக் கடையில் வெகுகாலம் பொட்டலம் மடித்தவர். முதல் பஸ்ஸைப் பிடித்துத் தேனிக்கு வந்திருக்கிறார். கையில் அச்சடித்த நோட்டீஸ். எஸ்தர் அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள், அடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு என்று இருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முருகன் பொறுத்துக்கொள்ளட்டும். பகலில் தூங்குகிறவர்களைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. "சாப்பிட்ட கையோட சாஞ்சா, சோறு மூளைக்கு ஏறிப் போகும் ஆத்தா" என்பார்.

அக்காவை நீங்கள் சர்ச்சில் பாடுகிறவராக, கடையில் தராசு பிடிக்கிறவராக அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் கதை சொன்னவர். எழுபதுகளின் தொடக்கத்தில் சின்னமனூரில் ஒரே வளவில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். மேகமலையில் யாரோ பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, அங்கிருந்த புத்தகமெல்லாம் மூட்டையாகக் கட்டி எடைக்கு வந்தது. கடையில் பொட்டலம் மடிக்க வாங்கிப் போட்டிருந்தார்கள். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்த அக்கா ஒரு தடித்த நாவலைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் அட்டையும் முன்பக்கங்களும் போய்விட்டன. புத்தகத்தின் பெயர் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் கடுகு மடிச்சுப் போயிருச்சு" என்றார்.

ஆடி மாதம். எங்கள் பள்ளத்தாக்கில் அப்போது அடிக்கும் காற்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சன்னல்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, நானும் எதிர்வீட்டுப் பேச்சியம்மாளும் மத்தியானம் அக்கா முன்னால் உட்காருவோம். கதையிலும் ஒரே காற்று. மேட்டின்மேல் ஒரு கல்வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் குதிரைக்காரன் மகனுக்கும் பிரியம். அவளை வேறு பெரிய இடத்தில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வருடத்தில் இறந்துபோகிறாள். எங்கோ போய்ப் பணக்காரனாகத் திரும்பி வந்த அவன், அந்தக் கல்வீட்டையே விலைக்கு வாங்கி, அவள் அண்ணனையும் அண்ணன் பிள்ளைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வதைக்கிறான். காற்றடிக்கும்போதெல்லாம் செத்தவள் வந்து சன்னலைத் தட்டுகிறாள்.

பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் எஸ்தரு, அந்தப் புள்ளைக்கு ஒரு சேலை எடுத்து வச்சுக் கும்பிட அந்த வீட்டுல நாதியில்லையா? அதான் அலையிறா."

"இங்கிலீஷ்காரிக்கு ஏதுடி சேலை? கவுனுல்ல."

"கவுனோ கிவுனோ, அவுக செய்யலைன்னா நாம செஞ்சுருவோம்."

இளவயதில் இறந்த பெண்ணுக்கு ஆடியில் சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். கும்பிட்ட சேலையை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் உடுத்த வேண்டும். மருமகளாக வாழ வந்தவள் உடுத்தக் கூடாது. என் வீட்டுச் சாமி அறையிலேயே படைப்பது என்று முடிவாயிற்று. என்ன நிறத்தில் எடுப்பது என்று கேட்டபோது அக்கா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைன்னு போட்டிருக்கு. கரும்பச்சை" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பச்சைச் சேலையும் வளையலும் பூவும் சர்க்கரைப் பொங்கலும் வைத்து, பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரிக்காகக் கற்பூரம் காட்டினேன். அக்கா அறைக்கு வெளியே நின்று கண்ணை மூடித் தன் ஜெபத்தைச் சொன்னார். பொங்கலை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகுதான் பேச்சியம்மாள் கேட்டாள்: "சேலையை யாருக்குக் குடுக்கப் போற? உன் வீட்டுல பொறந்த பொண்ணு செல்வராணி ஒருத்திதான்."

செல்வராணி என் நாத்தனார். அவளை என் தம்பிக்குப் பேசி, தாம்பூலம் மாற்றி, நாளும் குறித்திருந்தோம். பத்து நாள் இருக்கும்போது, தான் விரும்பிய ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கம்பத்துக்குப் போய்விட்டாள். எதையும் நாள் விட்டுப் போகாமல் குறித்து வைப்பது என் பழக்கம். கோபத்தையும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒன்பது வருடம். அவள் போட்ட கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். எந்த விசேஷத்துக்கும் அழைக்கவில்லை. அவளுடைய அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்தவளை வாசலோடு திருப்பினேன். என் வீட்டுக்காரருக்குத் தங்கைமேல் இருந்த கோபம் ஒரு வருடத்தில் ஆறிவிட்டது. என் முகத்தைப் பார்த்து வாயைத் திறக்காமல் இருந்தார்.

"பெட்டியிலேயே இருக்கட்டும்" என்றேன்.

"இருக்கட்டும். இனிமே அவ உன் வீட்டுச் சன்னலைத்தான் தட்டுவா" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் எழுந்து போனாள்.

அக்கா என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல உட்கார்ந்து கதையை முடித்தார். வதைத்து வதைத்து அவனும் கிழவனாகிப் போகிறான். வீடு பாழ். அவன் யாரிடம் கெலித்துக்காட்ட நினைத்தானோ அவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. புத்தகத்தை மூடியபின் அக்கா சொன்னார்: "பழி வாங்குறதுல ஒரு சங்கடம் இருக்கு மீனாட்சி. முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, பாக்குறதுக்கு ஆளு இருக்காது."

அந்த வாரமே மயிலாடும்பாறையிலிருந்து என் தம்பி நிலக்கடலை கொண்டுவந்தான். அவனுக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மெல்லச் செல்வராணி பேச்சை எடுத்தேன்.

"எந்தச் செல்வராணி? கம்பத்துல இருக்கே, அதுவா? நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு, "அக்கா, மோர் இருந்தாக் குடு" என்றான்.

என் தம்பிக்கே மறந்துபோன அவமானத்தை நான் ஒன்பது வருடம் கட்டிக் காத்திருக்கிறேன். நான் போய்ச் சொன்னதைக் கேட்டவுடன் எஸ்தர் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன். மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு இருவரும் கம்பத்துக்குப் பஸ் ஏறினோம். "கதவைச் சாத்திட்டா என்ன செய்ய அக்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். "சன்னலைத் தட்டுவோம்" என்றார்.

செல்வராணி கதவைச் சாத்தவில்லை. ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "எதுக்கு மதினி வந்தீக? அப்பா காரியத்துக்கு வந்தப்ப வெளிய நிறுத்துனீகளே" என்றாள். "செஞ்சது தப்பு" என்று மட்டும் சொல்லிச் சேலையை நீட்டினேன். வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "எனக்குக் கரும்பச்சை புடிக்கும்னு இன்னும் நெனப்பு வச்சிருக்கீகளா?" என்று கேட்டு, உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை வீடு கம்பத்தில்தான். மாதம் ஒரு தடவை போய்வருவார். திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "அக்கா, புஸ்தகத்துல நெசமாவே பச்சைன்னு போட்டிருக்கா?"

"அந்தப் பக்கம் கடுகு மடிச்சுப் போயிருச்சு ஆத்தா."

ஒரு தரம் விளையாட்டாக, "உங்களுக்கும் ஒரு காலம் சேலை வைப்போம்" என்றேன். "வேண்டாம். நான் பரலோகம் போறவ. காத்துல அலைய எனக்கு நேரமில்லை" என்றார். அதனால் வைக்கப்போவதில்லை.

அடக்கத்துக்குச் செல்வராணியும் வந்தாள், அதே பச்சைச் சேலையில். வெளுத்து, கரை பிரிந்து, இரண்டு இடத்தில் தைத்த சேலை. எல்லாரும் வெள்ளையில் நின்ற இடத்தில் பேச்சியம்மாள் எல்லார் காதிலும் விழும்படி, "கேத வீட்டுக்குப் பச்சையா? நாத்தனாரை நல்லாத்தான் வளக்குற" என்றாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. பேச்சியம்மாளிடம் முகங்கொடுத்துப் பேசாமலேயே ஊர் திரும்பினேன்.

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. பொட்டலக் காகிதத்தை வைத்துத் தமிழை நானாகப் படித்துக்கொண்டவள். அந்த இங்கிலீஷில் ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை எழுத உட்கார்ந்தால், யார்மேல் கோபமோ அவர் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். வருகிற ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து. நோட்டை எடுத்து வைத்துப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பெயர், பேச்சியம்மாள்.